தெருவில் இறங்கிய காடி

செங்கோட்டை மேலப்பட்டறைத் தெருவில் ஆவுடையம்மாள் ஒரு பூஜையறைக் கதவில் எடுக்கத் தொடங்கிய காடி, பலகை முடிந்த இடத்தில் முடியாமல் மேசையின்மேல் ஏறி, மேசைக்கால் வழியாக இறங்கி, பட்டறையின் சிமெண்டுத் தரையைக் கடந்து, வாசற்படிக் கல்லையும் அறுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டபோது, டீக்கடை மீரான் பாய் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எந்தப் பக்கமாத் திரும்பியிருக்கு?"

காடி என்பது பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. மரத்தில் விரல் அகலத்துக்கு எடுக்கிற பள்ளக்கோடு. கதவின் ஓரத்தை ஒட்டி நான்கு பக்கமும் ஓடினால் பார்க்க லட்சணமாக இருக்கும். மரத்துக்குள் ஓடும்வரை அதனால் யாருக்கும் வருத்தமில்லை. தெருவுக்கு வந்துவிட்டால் அது எங்கேயோ போகிறது என்று ஆகிவிடுகிறது. எங்கேயோ போகிற ஒன்று யாரையோ தேடித்தான் போகும் என்பதில் அந்தத் தெருவுக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

ஆவுடை மிஷின் பிடிக்கக் கற்றுக்கொண்டதே ஒரு சந்தேகத்தால்தான். அவள் புருஷன் திரவியமும் அவன் தம்பி குத்தாலிங்கமும் சேர்ந்து நடத்திய பட்டறை அது. போன சாரல் காலத்தில் பட்டறைக்கென்று இருவரும் மரம் வாங்கி அடுக்கியிருந்த மர டெப்போவில் தடி பார்த்துக்கொண்டிருந்த திரவியத்தின்மேல் அடுக்கின் உச்சியிலிருந்து ஒரு தேக்குத்தடி உருண்டு வந்தது. அடித்தடிக்கு முட்டுக்கொடுத்திருந்த ஆப்பு இருந்த இடத்தில் இல்லை. போலீஸ் விபத்து என்று எழுதியது. தெரு ஒன்றும் எழுதவில்லை, ஆனால் முந்தின நாள் பங்கு பிரிப்பதைப் பற்றி அண்ணனும் தம்பியும் உரக்கப் பேசியதை அது மறக்கவுமில்லை. வாய்க்கரிசி போட உடலை இடமாகச் சுற்றி வந்தபோது, தலைமாட்டில் நின்ற கொழுந்தன் அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்ததை ஆவுடை கவனித்தாள். குற்றமுள்ள கண்தான் முகத்துக்கு வராது என்று அவளுக்குள் அப்போது விழுந்தது, பிறகு எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்ததும் பட்டறைக் கதவில் குத்தாலிங்கம் தன் பூட்டைப் போட்டார். ஆவுடை பக்கத்திலேயே தன் பூட்டைப் போட்டாள். இரண்டு பேரும் வந்தால்தான் பட்டறை திறக்கும் என்று ஆயிற்று.

"எனக்கும் மிஷின் பிடிக்கச் சொல்லித் தாங்க, கொழுந்தனாரே. அவுக பங்குக்கு நான் நிக்கேன்" என்றாள்.

குத்தாலிங்கம் அவளைக் கொஞ்சநேரம் பார்த்தார். "சரி மதினி. கண்ணு முன்னால இருக்கது நல்லதுதான்" என்றார்.

யார் கண், யாருக்கு முன்னால் என்பதை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய் நெடுநேரம் புரட்டிப் பார்த்தாள்.

சந்தேகத்தைப் போல உன்னிப்பான படிப்பு வேறு கிடையாது. காடி எடுக்கிற ரவுட்டர் மிஷினின் இரண்டு பக்கக் குமிழ்களை அவர் எப்படிப் பிடிக்கிறார் என்று பார்த்தாள். சுழன்று வெட்டுகிற பிட்டை முழுதாக உள்ளே தள்ளிவிட்டு ஒரு மயிரிழை வெளியே இழுத்த பிறகே இறுக்குகிறார் என்று பார்த்தாள். சுவிட்சைப் போட்டதும் மரத்தில் வைக்காமல், மிஷின் தன் முழுக் குரலுக்கு வரும்வரை காத்திருக்கிறார் என்று பார்த்தாள். ஆப்பு உருவிய கைக்கும் உருவாத கைக்கும் ஏதாவது வித்தியாசம் தெரியாமலா போகும் என்றுதான் அவள் பார்த்தாள். தெரிந்ததென்னவோ, ஆழத்தை ஒரே மூச்சில் எடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும் என்பதும், ஓரிடத்தில் தயங்கி நின்றால் மரம் கருகிக் கறுப்புத் தழும்பு விழும் என்பதும், மரம் வேகப்போகிறது என்பதை மூக்குக்கு முன்னால் காது சொல்லிவிடும் என்பதும்தான். அவரும் அவள் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நல்ல வாத்தியார் என்று தெரு சொன்னது. எதற்காக இவ்வளவு நல்ல வாத்தியாராக இருக்கிறார் என்றும் தெருவே கேட்டது.

"ஒண்ணு மட்டும் மறந்துராதீங்க மதினி" என்பார் குத்தாலிங்கம். "பிட்டு ஒரு பக்கமாச் சுத்துது. நீங்க அதுக்கு எதிர்த்தாப்புலதான் தள்ளணும். அது சுத்துற பக்கமே கூடப் போனீங்கன்னா, நமக்கு லேசா இருக்க மாதிரி இருக்கும், ஆனா கைடு ஓரத்த விட்டுரும். அப்புறம் அது போறதுதான் வழி."

கைடு என்பது மிஷினின் அடியிலிருந்து நீளும் இரும்புத்தகடு. பலகையின் ஓரத்தை அணைத்துக்கொண்டே வந்து, காடி கோணாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. எதிர்த்துத் தள்ளினால் மிஷினே கைடை ஓரத்தோடு அழுத்திக்கொள்ளும். அந்தக் கணக்குப்படி பலகையின் நான்கு ஓரத்தையும் மிஷினோடு இடமாகத்தான் சுற்றிவர வேண்டும்.

ஜவுளிக்கடை நல்லபெருமாள் புதுவீட்டுப் பூஜையறைக்குக் கதவு சொன்னபோது குத்தாலிங்கம், "இத நீங்க தனியா முடிச்சுட்டா, போர்டுல அண்ணன் பேரு இருந்த எடத்துல உங்க பேர எழுதிருவோம்" என்றார். வேங்கைப் பலகையை மேசையில் கிளாம்பு போட்டு இறுக்கிக்கொடுத்துவிட்டு ஆணி வாங்கப் போனார். ஆவுடை மிஷினைத் தூக்கினாள். பலகையின் முன் நின்றாள். சாமிக் கதவு, அதை இடமாகச் சுற்றுவதா. கடைசியாக அவள் இடமாகச் சுற்றியது எதை என்று அவள் காலுக்கு நினைவிருந்தது. கால் நகரவில்லை. ஒரு நல்ல காரியத்துக்கு ஒருதடவை வலமாகப் போனால் என்ன ஆகிவிடும் என்று நினைத்து, வலமாகப் போனாள். மிஷின் லேசாகப் போனது, தோழி கையைப் பிடித்துக்கொண்டு கூட்டிப்போவது மாதிரிப் போனது, மூலை வந்தும் திரும்பாமல் போனது. பயந்துபோய் அவள் சுவிட்சை அணைத்து மிஷினைத் தூக்கிய பிறகும், காடி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

தெருவில் அது நடந்த விதத்தைத் தெரு சீக்கிரமே படித்துக்கொண்டது. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் நகராது. பள்ளிக்கூட மணி அடிக்கையில், பஸ் ஹாரனுக்கு எல்லோரும் திரும்பிப் பார்க்கையில், குழாயடிச் சண்டை முற்றுகையில் முழங்கை நீளம் போயிருக்கும். தாரிலும் அதே அகலம், கல்லிலும் அதே ஆழம். உள்ளே விரலை ஓட்டினால் இழைத்த மரத்தின் வழுவழுப்பு. ஓரத்தில் அது உதிர்த்துவிட்டுப் போன கருங்கல் சுருள்களைப் பெண்கள் பொறுக்கிக் கொண்டுபோய்ப் பாத்திரம் தேய்த்துப் பார்த்துவிட்டு, தேங்காய் நாரே தேவலை என்றார்கள். நகராட்சியிலிருந்து வந்து சிமெண்டு பூசினார்கள். பூச்சு காய்வதற்குள் பூச்சிலும் காடி விழுந்தது. மீரான் பாய் தன் பெஞ்சைக் காடியின் தலை போகிற இடத்துக்கெல்லாம் நகர்த்திப் போட்டு, இரண்டாவது அடுப்பும் வாங்கிவிட்டார்.

மற்றபடி தெரு யோக்கியமானது. காடி தன் வாசலை நெருங்குகிறது என்று தெரிந்த அன்றே ஒருவர் பக்கத்து வீட்டு ஏணியைத் திருப்பிக் கொடுத்தார். அது காணாமல் போனது எதிர்வீட்டுக்காரன் வேலை என்று அதுவரை அவர்தான் சொல்லிக்கொண்டிருந்தவர். பலசரக்குக் கடையில் தராசுத் தட்டுக்கு அடியிலிருந்து ஒரு புளிப்பொட்டு தானாக விழுந்தது. பெண் பார்க்க வந்த தென்காசிக்காரர்கள் ஜாதகத்தைப் பிறகு பார்ப்போம், காடி இந்த வீட்டு வாசலில் நின்றதா, நிற்காமல் போனதா, அதை முதலில் சொல்லுங்கள் என்றார்கள். தன் வீட்டைத் தாண்டிப் போனதும் தங்கபுஷ்பம் வாசலில் பெரிய கோலமாகப் போட்டாள்.

"எங்க வீட்டுக்கு நேரா வந்துச்சு. மோந்து பாத்துச்சு. அங்கிட்டுப் போயிட்டு" என்றாள். "மடியில கனமிருந்தாத்தான வழியில பயம். இனிமே போக வேண்டிய எடத்துக்குப் போவும்."

போக வேண்டிய இடம் எது என்பதை அவள் சொல்லவில்லை, தெருக்கோடியை நோக்கித் தாடையை மட்டும் நீட்டினாள். தெருக்கோடியில் இருந்தவை ஒரே நடுச்சுவரை இரண்டு பக்கமும் பங்கிட்டுக்கொண்ட இரண்டு வீடுகள். ஒன்றில் குத்தாலிங்கம். மற்றதில் ஆவுடை.

நாளாக ஆக குத்தாலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை என்று தெரு சொன்னது. ஆவுடை அதைச் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்ள முயன்றாள். காடி அவர் வீட்டுக்குள் போனால் அவளுடைய இத்தனை நாள் சந்தேகம் உண்மையாகும். உண்மையானால் பட்டறை மூடும், தெரு அவரைத் துரத்தும், மிஷின் பிடிக்கத் தெரிந்த கையோடு அவள் மட்டும் நிற்பாள். போகாவிட்டால், அவள் ஒரு யோக்கியனை நாள்தோறும் வேவு பார்த்தவள் ஆவாள். எது தேவலை என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்றாவதாக ஒன்று நடக்கக்கூடும் என்பதை அவள் நினைக்கவே இல்லை.

ஒருநாள் காலையில் காடியின் தலை நடுச்சுவருக்கு நேர் எதிரே வந்து நின்றது. வலதுபக்கம் ஒரு சாண் சாய்ந்தால் அவர் வாசல், இடதுபக்கம் ஒரு சாண் சாய்ந்தால் அவள் வாசல். குத்தாலிங்கம் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு அதன்மேல் கண்ணை வைத்து உட்கார்ந்தார். ஆவுடை முக்காலியோடு வந்தாள். மீரான் பாயின் பெஞ்சும் வந்தது, பெஞ்சோடு தெருவும் வந்தது.

"நீங்க போயி வேலையப் பாருங்க, மதினி. நான் பாத்துக்கிடுதேன்" என்றார் அவர்.

"நீங்க போங்க. நான் இருக்கேன்."

இரண்டு பேரும் போகவில்லை. சாரல் ஒரு தடவை விழுந்து ஓய்ந்தது. கொஞ்சநேரம் கழித்து, காடியிலிருந்து பார்வையை எடுக்காமலே குத்தாலிங்கம் கேட்டார்:

"வேணும்னேதான வலமாப் போனீங்க?"

"சாமிக் கதவுன்னு போனேன்."

"நான் எத்தன தடவ சொன்னேன். உங்களுக்குத் தெரியாமலா போயிரும். என் வீட்டுக்கு வழி வெட்டி விட்டிருக்கீங்க."

"உங்க வீட்டுக்கு வரதுக்கு அதுக்கு என்ன காரியம் இருக்கு?" என்றாள் ஆவுடை. இத்தனை நாள் உள்ளே சுற்றிய கேள்வி வாயைத் தொட்டதும் குரல் தணிந்துவிட்டது. "ஆப்ப எடுத்தது யாரு, கொழுந்தனாரே?"

மீரான் பாய் டீ ஆற்றுவதை நிறுத்தினார்.

"அதத்தான் நானும் உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன்" என்றார் குத்தாலிங்கம். "அன்னைக்கு அண்ணனுக்குச் சோறு கொண்டாந்தது யாரு? போறப்ப அடுக்குக்குக் கீழ குனிஞ்சு முந்தி நெறைய சிறாய் பெறக்கிட்டுப் போனது யாரு?"

"தெனமும்தான் பெறக்குவேன். வெந்நி அடுப்புக்கு."

"தெனமும்தான். அன்னைக்கும்தான். அதுல என்னென்ன இருந்துச்சுன்னு நீங்க சொல்லணும்."

ஆவுடையின் கை முந்தானைக்குப் போனது. அன்றைக்கு அடுப்பு நன்றாக எரிந்தது என்பது மட்டும் நினைவுக்கு வந்தது. முந்தானையைத் தட்டியபோது கண் எங்கே இருந்தது என்று வரவில்லை. தலைமாட்டில் நின்று அவர் ஏன் முந்தானையைப் பார்த்தார் என்பது மட்டும் இப்போது, இத்தனை காலம் கழித்து, அவளுக்கு வந்தது. மிஷின் பிடிக்கச் சொல்லித் தந்ததும், கையை விட்டுக் கண்ணை எடுக்காததும், கண்ணு முன்னால இருக்கது நல்லதுதான் என்றதும் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்து நின்றன.

"அப்ப நீங்க ஏன் சோறு திங்கல?" என்றாள்.

குத்தாலிங்கம் தன் வலது கையை விரித்தார். "அந்த ஆப்ப வச்சவன் நான்" என்றார். "அடிச்சு எறக்கினேனா, சும்மா சொருகிட்டு வந்துட்டனான்னு நெனச்சு நெனச்சுப் பாக்கேன். இந்தக் கைக்கு ஒண்ணுமே ஞாபகமில்ல."

தங்கபுஷ்பத்துக்கு இது போதவில்லை. இருவரில் ஒருவரை வைத்துக்கொண்டு மற்றவரைத் திட்டுவதுதான் அவள் பழக்கம்; இப்போது எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தாள்.

நல்லபெருமாள் வந்தது அப்போதுதான். நாளைக்குப் புதுவீட்டில் பால் காய்ச்சப் போகிறோம், பூஜையறைக்குக் கதவில்லை, நீங்கள் இரண்டு பேரும் தெருவில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றார். பட்டறைக்குப் போனால் காடி நகர்ந்துவிடும். ஒருவர் மட்டும் போனால் பூட்டு திறக்காது. திறந்தாலும் தனியே இருக்கிறவர் என்ன செய்வார் என்று மற்றவர் நம்பமாட்டார். கடைசியில் மீரான் பாய்தான், தான் கண் கொட்டாமல் பார்த்துக்கொள்வதாகச் சத்தியம் பண்ணி, இருவரையும் சேர்த்து அனுப்பினார். பழைய பலகையை யாரும் தொடவில்லை. குத்தாலிங்கம் இழைத்து வைத்திருந்த வேறொரு வேங்கைப் பலகையையும் மிஷினையும் ஓட்டமும் நடையுமாகத் தூக்கிவந்து டீக்கடை பெஞ்சின்மேல் போட்டார்கள். கடையிலிருந்து ஒயர் இழுத்தார்கள். காடி அங்கேயே இருந்தது. மீரான் பாயின் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"ஒண்ணு சொல்லிட்டேன்" என்றார் நல்லபெருமாள். "சாமிக் கதவு. இடமாச் சுத்துனா எனக்கு வேண்டாம்."

"வலமாச் சுத்துனா இன்னொரு காடி எறங்கும்" என்றது தெரு. "ஒண்ணுக்கே இந்தப் பாடு."

ஆவுடை பலகையைப் பார்த்தாள். பெஞ்சைச் சுற்றிப் பாதி தூரம் நடந்து, திரும்பி வந்தாள்.

"நான் எங்கயும் சுத்தலியே" என்றாள். "நான் இந்த எடத்துலயே நிக்கேன். இடது கைப்பக்கமிருந்து வலது கைப்பக்கம் தள்ளுதேன், மிஷினுக்கு அதுதான் சரி. ஒரு பக்கம் முடிஞ்சதும் நீங்க பலகையத் திருப்பி அடுத்த பக்கத்த எனக்கு நேராக் கொண்டாங்க. எப்படித் திருப்புவீங்க?"

குத்தாலிங்கம் பலகையை மெல்லத் திருப்பிப் பார்த்தார். அது வலமாகச் சுற்றியது. அவர் இன்னொரு தடவை திருப்பினார், நம்பாமல். மறுபடியும் வலமாகத்தான் சுற்றியது. நல்லபெருமாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பெஞ்சின் ஓரம் மடித்த தகரம். கிளாம்பு பிடிக்கவில்லை, வழுக்கியது. "நான் பிடிச்சுக்கிடுதேன்" என்றார் குத்தாலிங்கம். எதிர்ப்பக்கம் நின்று, குனிந்து, இரண்டு உள்ளங்கையையும் பலகைமேல் பரப்பி வைத்தார். விரல்கள் அவள் பக்கமாக நீண்டிருந்தன.

ஆவுடை மிஷினைத் தூக்கினாள், சுவிட்சைப் போட்டாள், அது முழுக் குரலுக்கு வரும்வரை காத்திருந்தாள். முதல் பக்கம் சுத்தமாக வந்தது. காடி மூலைக்குச் சற்று முன்னால், அவள் தூக்கிய இடத்தில், நின்றது. கூட்டத்தில் யாரோ மூச்சு விட்டார்கள். அவர் பலகையைத் திருப்பினார். இரண்டாம் பக்கம். அவர் திருப்பினார். மூன்றாம் பக்கம் போகையில் தெருவே எழுந்து பெஞ்சை நெருங்கியிருந்தது; தங்கபுஷ்பம், இந்தப் பக்கம் திரும்பிவிட்ட மீரான் பாயின் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

நாலாம் பக்கத்தில் ஒரு கணு இருந்தது. பிட்டு அதைத் தொட்டதும் பலகை அதிர்ந்து பெஞ்சில் தத்தியது. குத்தாலிங்கம் கையை இன்னும் முன்னால் நீட்டி அமுக்கினார். அவருடைய நடுவிரல் காடி போகவேண்டிய வழியில் வந்து கிடந்தது. அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும், அவர் நகர்த்தவில்லை. வலது கையின் நடுவிரல். ஆப்பைச் சொருகிய கை. மிஷின் கத்திக்கொண்டிருந்தது. நின்றால் மரம் கருகும், போனால் விரல். சந்தேகத்தோடு கழித்த அத்தனை காலத்திலும் பழி தீர்க்க இவ்வளவு கிட்டே அந்தக் கை அவளுக்கு வாய்த்ததில்லை.

அவள் மிஷினை நிறுத்தவில்லை, தள்ளவும் இல்லை. மரம் கருகும் வாசனை எழுந்தது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். சத்தத்துக்கு மேல் பேச முடியாது என்பதால் தாடையால் காட்டினாள்: வெரல. அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார், பிறகு கையை எடுத்துப் பலகையின் அந்தப்புறத்து ஓரத்தில் வைத்து அமுக்கினார். அவள் கணுவுக்குள் போனாள்.

தங்கபுஷ்பம்தான் முதலில் திரும்பிப் பார்த்தாள்.

"திரும்பிட்டு" என்றாள். "பாருங்க, நாம இங்கன பாத்துக்கிட்டு இருக்கையில அங்கன திரும்பிட்டு."

தெரு மொத்தமும் அந்தப் பக்கம் புரண்டது. செருப்புகள் இழுபட்டன, பெஞ்சுக்கால் இடறியது, நல்லபெருமாளின் குடை எங்கோ விழுந்தது. யார் வாசலுக்கு என்று பின்னால் நின்றவர்கள் கேட்டார்கள். முன்னால் நின்றவர்கள் சொல்லவும் சொன்னார்கள். மிஷின் சத்தத்தில் அந்தப் பெயர் பெஞ்சுவரை வரவில்லை.

"ஏ ஆவுடை, வந்து பாரேன்" என்று யாரோ அவள் தோளைத் தொட்டார்கள்.

ஓடுகிற பிட்டிலிருந்து கண்ணை எடுக்கக்கூடாது. அவள் எடுக்கவில்லை. அவள் கண் அவருடைய விரல்களில் இருந்தது. அவருடைய கண் அவளுடைய மணிக்கட்டில் இருந்தது. பலகையில் இன்னும் ஒரு சாண் பாக்கி இருந்தது.